பத்து மில்லி டியூப், ரெண்டு மீட்டர்

ஹோஸ் பைப்பைப் பற்றியெல்லாம் எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். போன வருஷம் வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக்கல் படிக்கிறேன், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் நல்ல மார்க் வேறு. அப்படிப்பட்ட நான் செங்கல்பட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில் தப்பான டியூபை வாங்கிக் கொடுத்து, அதனால் நாலு பேர் கடலில் மாட்டிக்கொண்ட கதை இது. கூடவே, அதற்குப் பிறகு நான் தெரிந்துகொண்ட விஷயங்களும்.

என் மாமா (அம்மாவின் தம்பி) கொக்கிலமேட்டில் இருக்கிறார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் போகிற வழியில் இருக்கும் மீனவர் குப்பம். அவரிடம் ஒரு ஃபைபர் போட், அதில் டீசல் இன்ஜின். டீசல் கேனிலிருந்து இன்ஜினுக்குப் போகிற டியூப் பழசாகிவிட்டது என்று ஒரு நாள் போன் செய்தார்.

"டேய், காலேஜ் விட்டு வரும்போது பத்து மில்லி டியூப் ரெண்டு மீட்டர் வாங்கிட்டு வா."

அவ்வளவுதான் சொன்னார். நானும் கடையில் அவ்வளவுதான் சொன்னேன். கடைக்காரர் ரெண்டு சுருளை எடுத்துப் போட்டார். ஒன்று கறுப்பு ரப்பர். இன்னொன்று கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்த பிளாஸ்டிக் டியூப், விலை பாதிகூட இல்லை. எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உள்ளே டீசல் ஓடுவது வெளியிலிருந்தே தெரியுமே, எவ்வளவு வசதி என்று என் இன்ஜினியரிங் மூளை வேலை செய்தது. கண்ணாடி டியூபையே வாங்கினேன். மிச்சக் காசில் பரோட்டா சாப்பிட்டேன். :-)

மூணு மாசம் ஒன்றும் ஆகவில்லை.

நாலாவது மாசம் ஒரு நாள் விடியற்காலை மூணு மணிக்குத் தொழிலுக்குப் போன போட், எட்டு மணிக்குத் திரும்பியிருக்க வேண்டியது, பத்தாகியும் வரவில்லை. மாமா போன் தொடர்பு எல்லைக்கு வெளியே. அம்மா தகவல் கேட்டு, எங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்துக் கொக்கிலமேட்டுக்கு வந்துவிட்டார். நான் காலேஜில் பாதி வகுப்பில் எழுந்து ஓடினேன். அத்தை மணலில் உட்கார்ந்திருந்தார், பேசவில்லை. கடல் அன்றைக்கு அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ரெண்டு மணி நேரத்தில் அந்த அமைதியை நான் ஒரு நொடிகூட நம்பவில்லை.

மதியம் ரெண்டு மணிக்கு இன்னொரு போட் மாமாவின் போட்டைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. நாலு பேரும் நலம். இழுத்து வந்தவர்களுக்கு அன்றைய பாடு போச்சு.

நடந்தது இதுதான். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இன்ஜின் திணறி நின்றிருக்கிறது. ஏர் லாக் என்று நினைத்து நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்தார்களாம். பத்து நிமிஷம் ஓடிவிட்டு மறுபடி நின்றது. மறுபடி ஏர் எடுத்தார்கள், மறுபடி நின்றது. கடைசியில் பேட்டரி உயிரை விட்டது. நங்கூரம் போட்டு, துணியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமா சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

"டியூப்ல முத்து முத்தா குமிழி போவுதுடா. நல்லாத் தெரியுது."

ஆமாம். நல்லாத் தெரியணும் என்றுதானே கண்ணாடி டியூப் வாங்கினேன்!

மாமா திட்டவில்லை. கழற்றிய டியூபை என் கையில் கொடுத்தார். நான் வாங்கும்போது நூடுல்ஸ் மாதிரி வளைந்த டியூப், இப்போது மஞ்சளித்து, குச்சி மாதிரி விறைப்பாக இருந்தது. கிளிப் போட்ட இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. வளைத்தேன், டப்பென்று ஒடிந்தது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. டியூப் வெடித்தால் டீசல் சொட்டும், வாசனை வரும், கண்டுபிடித்துவிடலாம் என்று நாம் நினைப்போம். பம்ப் தள்ளுகிற பக்கத்தில்தான் அப்படி. பம்ப் உறிஞ்சுகிற பக்கத்தில் வெடித்தால் ஒரு சொட்டுகூட வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். டீசல் இன்ஜினுக்குக் காற்றுக் குமிழியை விடப் பெரிய எதிரி கிடையாது. டீசல் அழுந்தாது, ஆனால் குமிழி அழுந்தும். பம்ப் எவ்வளவு அமுக்கினாலும் குமிழிதான் சுருங்குமே தவிர, டீசல் இன்ஜெக்டர் வழியாகப் பீய்ச்சாது. கரையில் இன்ஜினைச் சோதித்தபோது தரையில் ஒரு கறைகூட இல்லை. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சரி, அந்த டியூப் ஏன் விறைத்தது?

அது ரப்பரே இல்லை, பிவிசி. பிவிசி இயல்பிலேயே விறைப்பான பிளாஸ்டிக். வீட்டுத் தண்ணீர்ப் பைப் எல்லாம் அதுதான். அதை வளைகிற டியூபாக்க, பிளாஸ்டிசைசர் என்று எண்ணெய் மாதிரி ஒரு திரவத்தைக் கலப்பார்கள். அது மூலக்கூறுகளுக்கு நடுவே புகுந்து அவற்றை வழுக்கவிடும். தண்ணீர் ஓடும்வரை பிரச்சினை இல்லை. டீசலோ பெட்ரோலோ ஓடினால், அந்தத் திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் மிஞ்சுவது பழைய விறைத்த பிவிசிதான். கூடவே சுருங்கவும் செய்யும். எவ்வளவுதான் கிளிப்பை முறுக்கினாலும் பிடிக்காது.

ரப்பர் என்றால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்று ஒரு சோதனை செய்தேன். மூணு பாட்டிலில் டீசல். ஒன்றில் சைக்கிள் டியூப் துண்டு, ஒன்றில் அதே கண்ணாடி டியூப், ஒன்றில் கறுப்பு டீசல் ஹோஸ். ரெண்டு வாரம் மொட்டைமாடியில் வைத்தேன். (இதை வீட்டுக்குள் செய்யாதீர்கள், பெட்ரோலில் செய்யவே செய்யாதீர்கள்.) 10 செ.மீ. சைக்கிள் டியூப் துண்டு 13 செ.மீ. ஆகி, ஊறிய அப்பளம் மாதிரி கொழகொழத்தது. கண்ணாடி டியூப் வெளியே எடுத்துக் காயவைத்ததும் விறைத்தது. கறுப்பு ஹோஸ் வைத்தபடியே இருந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறார்களே, அந்த இயற்கை ரப்பரும் டீசலும் ஒரே குடும்பம். ரெண்டும் கார்பன், ஹைட்ரஜன் மட்டுமே கொண்டவை. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஊறிவிடும். தண்ணீர் இந்தக் குடும்பத்தில் சேராது, அதனால் தண்ணீருக்கு இயற்கை ரப்பர் அருமை. தேய்மானத்தையும் நன்றாகத் தாங்கும். மணலும் சேறும் ஓடுகிற குழாய்களில் இன்றைக்கும் உள்பக்கம் அதைத்தான் பூசுகிறார்கள்.

எண்ணெயைத் தாங்க வேண்டுமானால் வேறு குடும்பத்து ரப்பர் வேண்டும். 1930-களில்தான் அது வந்தது. அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியில் நியோப்ரீன், ஜெர்மனியில் நைட்ரைல். நைட்ரைலில் அக்ரிலோநைட்ரைல் என்கிற சரக்கு கூடக்கூட எண்ணெய் உள்ளே புகுவது குறையும், ஆனால் குளிரில் விறைக்கும். கறுப்பு டீசல் ஹோஸின் உள்பக்கம் பெரும்பாலும் நைட்ரைல்தான். நியோப்ரீன் வெயில், நெருப்பு, உராய்வு எல்லாவற்றையும் ஓரளவு தாங்குவதால் பல ஹோஸ்களுக்கு மேல்சட்டையாகப் போகிறது.

இபிடிஎம் என்று இன்னொன்று. வெயில், சுடுதண்ணீர், நீராவி எதற்கும் அசையாது. கார் ரேடியேட்டர் ஹோஸ் பெரும்பாலும் அதுதான். ஆனால் அதில் டீசல் விட்டால் என் சைக்கிள் டியூப் கதிதான். வேடிக்கை என்னவென்றால், இபிடிஎம் ஹோஸ், நைட்ரைல் ஹோஸ், நியோப்ரீன் ஹோஸ் எல்லாமே பார்க்க ஒரே கறுப்பு. பெரும்பாலும் ரப்பரில் கார்பன் கறுப்பைக் கலந்துதான் பலமாக்குகிறார்கள். கண்ணால் பார்த்து இது எது என்று சொல்லவே முடியாது.

ஒரு ஹோஸை வெட்டிப் பார்த்தால் மூணு அடுக்கு தெரியும். உள்ளே ஓடும் பொருளைத் தாங்குகிற உள்குழாய், அழுத்தத்தைத் தாங்குகிற நூல் அல்லது கம்பிப் பின்னல், வெயிலையும் உராய்வையும் தாங்குகிற மேல்தோல். மூணுக்கும் மூணு வேலை. 1670-களில் ஆம்ஸ்டர்டாமில் ஜான் வான் டெர் ஹெய்டன் தீயணைப்புக்குத் தோலைத் தைத்து ஹோஸ் செய்தபோது எல்லா வேலையையும் ஒரே தோல் செய்ய வேண்டியிருந்தது. 1839-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பக்குவப்படுத்தக் கண்டுபிடித்த பிறகுதான், ரப்பரும் பருத்தி நூலும் வேலையைப் பிரித்துக்கொண்டன.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எங்கள் ஊர்ப் பக்கம் எங்கே பார்த்தாலும் ஹோஸாகவே தெரிகிறது. மதுராந்தகம் பக்கத்து வயல்களில் டீசல் பம்ப் ஓடும்போது கவனியுங்கள். தண்ணீரை உறிஞ்சுகிற பக்கம் விறைப்பான சுருள் வைத்த சக்‌ஷன் ஓஸ், வெளியே தள்ளுகிற பக்கம் பாயைப்போல் சுருட்டக்கூடிய தட்டையான டெலிவரி ஓஸ். மாற்றிப் போட்டால் வேலைக்கு ஆகாது. உறிஞ்சும்போது உள்ளே அழுத்தம் குறையும், வெளிக்காற்று நசுக்கப் பார்க்கும், தட்டை ஓஸ் அப்படியே ஒட்டிக்கொள்ளும். பம்ப் "இழுக்கிறது" என்று நாம் சொன்னாலும், உண்மையில் வெளிக்காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அதனால்தான் எவ்வளவு பெரிய பம்பாக இருந்தாலும் மேலே நின்றுகொண்டு சுமார் 10 மீட்டருக்குக் கீழே இருக்கும் தண்ணீரை உறிஞ்ச முடியாது.

இதே கடற்கரையில் வடக்கே போனால் எண்ணூர். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே 'பிடபிள்யூ மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற ரெண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரையெல்லாம் ஒதுங்கியது. உறிஞ்சும் வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். தார் மாதிரிக் கெட்டியான கழிவு அந்தக் குழாய்களில் ஏற மறுத்தது. கடைசியில் மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளிய படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்கும் சாக்கடைக்கும் கச்சிதமாக வேலை செய்கிற குழாய்தான். உள்ளே போகிற பொருள் மாறியதும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

காற்று ஓடுகிற ஹோஸ் இன்னொரு ரகம். ஈசிஆர் பஞ்சர் கடையிலிருந்து கல்குவாரி வரைக்கும் எல்லா இடத்திலும் கம்ப்ரசர் ஹோஸ்தான். ராத்திரியில் ஊரையே எழுப்புகிற போர்வெல் லாரியை (திருச்செங்கோடு நம்பர் பிளேட்டோடு வருமே!) அடுத்த முறை எட்ட நின்று பாருங்கள். கம்ப்ரசரிலிருந்து வருகிற தடித்த ஹோஸின் இணைப்பில் ஒரு சங்கிலியோ கம்பியோ கட்டியிருக்க வேண்டும். தண்ணீர் ஹோஸ் வெடித்தால் நனைவோம், அவ்வளவுதான். அமுக்கப்பட்ட காற்று விரியும். இணைப்பு கழன்றால் அந்த ஹோஸ் சாட்டை மாதிரி சுழன்று ஆளையே அடித்துப் போட்டுவிடும். சங்கிலி அதற்குத்தான்.

ஹோஸ் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு 'ஸ்டாம்ப்ட்' என்று ஒரு சூத்திரம் உண்டு. ஆங்கிலத்தில் ஏழு எழுத்து, ஏழு கேள்வி. அளவு என்ன? எவ்வளவு சூடு? எங்கே, எப்படிப் பயன்படும்? உள்ளே ஓடுவது என்ன? எவ்வளவு அழுத்தம்? முனையில் என்ன இணைப்பு? எப்போது, எத்தனை வேண்டும்? இந்த ஏழில் நான் கடையில் சொன்னது ஒன்றே ஒன்று. பத்து மில்லி. மிச்ச ஆறுக்கும் பதில் மாமாவுக்குத் தெரியும். கடைக்காரருக்கு எந்த ஹோஸ் எதற்கு என்று தெரியும். நடுவில் போன நான்தான் ரெண்டையும் சேர்க்கவில்லை.

விவரம் தெரிந்தவர்களுக்கும் இது நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். அமெரிக்காவில் மிசௌரி மாநிலம், ஃபெஸ்டஸ் ஊர், 2002 ஆகஸ்ட் 14. ஒரு ஆலையில் ரயில் டாங்கரிலிருந்து குளோரின் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஹோஸ் வெடித்தது. அவசர வால்வுகளும் சரியாக மூடவில்லை. சுமார் மூணு மணி நேரத்தில் 48,000 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 22 டன் குளோரின் வெளியேறியது. 63 பேர் மருத்துவ உதவி தேடிப் போனார்கள். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. விசாரித்தால், ஹோஸின் உள்குழாய் டெஃப்லான், சரிதான். அதன் மேலிருந்த கம்பிப் பின்னல் ஹேஸ்டெல்லாய் என்ற உயர்ந்த உலோகக் கலவையில் இருக்க வேண்டும். இருந்ததோ சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். டெஃப்லான் வழியாக மெல்ல ஊடுருவிய குளோரின் அந்தக் கம்பியை அரித்துவிட்டது. ரெண்டும் ஒரே வெள்ளி நிறம். ஹோஸில் தொங்கிய அட்டை ஹேஸ்டெல்லாய் என்றே சொன்னது. ஆலைக்காரர்கள் சரியான பொருளைத்தான் கேட்டிருந்தார்கள். வந்தது அதுதானா என்று சோதிக்க வழி வைத்துக்கொள்ளவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், சமையலறைக்கு வாருங்கள். கேஸ் ஸ்டவ்வுக்குப் போகிற ஆரஞ்சு ரப்பர் டியூபும் இந்தக் குடும்பம்தான். உள்ளே கேஸைத் தாங்குகிற ரப்பர், நடுவில் கம்பிப் பின்னல், மேலே இன்னொரு ரப்பர். அதன்மேல் ஐஎஸ் 9573 என்ற தர எண்ணும் தேதியும் அச்சடித்திருக்கும். ஐந்து வருஷத்தில் மாற்ற வேண்டும் என்பது விதி. எங்கள் வீட்டில் அந்த டியூபைத் துடைத்துத் தேதி பார்த்தேன். நான் பத்தாவது படிக்கும்போதே அதன் ஆயுள் முடிந்திருந்தது! அம்மாவிடம் சொன்னால், "நல்லாத்தானே இருக்கு" என்றார். நானும் மாமாவின் டியூபைப் பற்றி மூணு மாசம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே மாற்றிவிட்டோம்.

பைக் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் ஒன்று. 2025-ல் நம் நாடு பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டியது. அதே வருஷம் ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் கொடுத்த விளக்கத்திலேயே, சில பழைய வண்டிகளில் 20,000 - 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம், செலவு குறைவுதான் என்று சொல்லப்பட்டிருந்தது. ஓடுகிற பொருள் மாறினால் ரப்பரும் மாற வேண்டும். அதே கதைதான். அப்பா காலத்து வண்டியை ஓட்டுகிறவர்கள் டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற டியூபை ஒரு தடவை விரலால் அமுக்கிப் பாருங்கள். விறைத்தோ கொழகொழத்தோ இருந்தால் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காதீர்கள். மாற்றும்போது "பெட்ரோலுக்கு" என்று வாயைத் திறந்து சொல்லி வாங்குங்கள்.

அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் அதே கடைக்குப் போனேன். "டீசலுக்கு, உறிஞ்சுகிற பக்கம், கடல்ல போற போட்டுக்கு" என்று சொன்னேன். கடைக்காரர் கண்ணாடி டியூப் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை. நேராகக் கறுப்பு ஹோஸை எடுத்தார், "ரெண்டு நல்ல கிளிப்பும் வாங்கிக்கப்பா, கடல் உப்புக்கு இது துருப்பிடிச்சிடும்" என்று ஸ்டெயின்லெஸ் கிளிப்பையும் எடுத்து வைத்தார். எல்லாம் தெரிந்தவர்தான். நான் சொல்லியிருந்தால் முதல் நாளே கொடுத்திருப்பார்.

இழுத்துக்கொண்டு வந்த போட்காரர்களுக்கு டீசல் காசு கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "நாளைக்கு எங்க இன்ஜின் நின்னா உங்க மாமன் வருவாரு, போடா" என்றார்கள்.

மாமா என்னை இன்னும் விடுவதாக இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை வலை பின்னிக்கொண்டிருந்தவர் கையில் தூக்கைக் கொடுத்து டீ வாங்கிவரச் சொன்னார். நாலடி போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"டேய், உள்ள இன்னா ஊத்தப் போறாங்கன்னு கடைக்காரன்கிட்ட சொல்லிட்டு வாங்கு!"